மாத்திரை விலைக்குப் பின்னால் எந்த ஒப்பந்தம்? பார்த்து, கேட்டு, குறைக்கும் வழி

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாதாமாதம் மாத்திரை வாங்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். மதுரை செல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், டி.பார்ம் படித்தவள். பில்லைப் பார்த்ததும் "பத்து நாளைக்கு மட்டும் குடும்மா" என்று குறைத்துக்கொள்கிற முகங்களை தினமும் பார்க்கிறேன். அந்த பில் தொகை தொழிற்சாலைச் செலவிலும் கடைக்காரர் கமிஷனிலும் மட்டும் தீர்மானமாவதில்லை. வணிக ஒப்பந்தங்களில் நாடுகள் போட்ட கையெழுத்துகளுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தக் கையெழுத்து எது என்று தெரிந்தால், டாக்டரிடம் என்ன கேட்பது, கடையில் என்ன கேட்பது, அரசாங்கத்திடம் என்ன கேட்பது என்பது தெளிவாகிவிடும். தேவைப்படுவது ஒரு மாத்திரை அட்டை, ஒரு போன், அரை மணி நேரம்.

முதலில் அட்டையைப் படிக்க வேண்டும். தீர்ந்த அட்டையைக் குப்பையில் போடாதீர்கள். பின்பக்கம் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர், இன்னொன்று மருந்தின் மூலப்பெயர். மூலப்பெயரைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. ஆனால் கூட்டு மருந்துகள் பலவற்றுக்கு அந்த விதி பொருந்தாது. வெள்ளித்தாளின் மினுமினுப்பில் எழுத்தே தெரியாமல் போவதும் உண்டு. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கூட்டு மாத்திரை என்றால் இரண்டு மூன்று மூலப்பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் அதன் மில்லிகிராமோடு ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு மாத்திரையின் விலையை எழுதுங்கள். அட்டை விலையை எழுதாதீர்கள். ஒரு கம்பெனி பத்து மாத்திரை அட்டை போடும், இன்னொன்று பதினான்கு, மற்றொன்று பதினைந்து. அட்டை விலையை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

அடுத்து, அந்த மூலப்பெயருக்குக் காப்புரிமை, அதாவது ஒரே கம்பெனி மட்டும் குறிப்பிட்ட காலம் செய்து விற்கலாம் என்ற உரிமை, உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. இங்கேதான் வெளிநாட்டு ஒப்பந்தம் உங்கள் வீட்டுக்குள் வருகிறது.

1970-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே தந்தது. அதே மருந்தை வேறு முறையில் செய்தால் குற்றமில்லை. நம் ஊர்க் கம்பெனிகள் வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். அப்புறம் 1995 ஜனவரி 1-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது, கூடவே டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமும் வந்தது. உறுப்பு நாடுகள் மருந்துப் பொருளுக்கே இருபது ஆண்டு காப்புரிமை தர வேண்டும் என்றது அது. இந்தியா பத்து ஆண்டு அவகாசத்தை முழுவதும் பயன்படுத்திக்கொண்டு, 2005 ஜனவரி 1 முதல் அதற்கு உட்பட்டது. பழைய மெட்ஃபார்மின் சில ரூபாய்க்குக் கிடைப்பதற்கும், அதற்குப் பிறகு வந்த சர்க்கரை மருந்து பல ஆண்டுகள் பல மடங்கு விலையில் இருந்ததற்கும் பெரிய காரணம் அந்தத் தேதி.

காப்புரிமை முடிந்ததா என்று பார்க்க, போனில் மெட்ஸ்பால் (MedsPaL) என்று ஆங்கில எழுத்தில் தேடுங்கள். ஜெனீவாவில் இருக்கும் மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு நடத்தும் தளம் அது, கட்டணம் இல்லை. எல்லா மருந்தும் அதில் இருக்காது, முக்கியமான பல மருந்துகள் இருக்கும். மூலப்பெயரைத் தட்டி, நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால், எந்தக் காப்புரிமை கொடுக்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, எது எப்போது முடிகிறது என்று வரும். ஒரே மருந்துக்குப் பல வரிகள் வந்தால் பயப்பட வேண்டாம். மூலக்கூறுக்கான வரிதான் முதன்மையானது. மற்றவை உப்பு வடிவம், கலவை, தயாரிப்பு முறை என்று கம்பெனிகள் பின்னால் கேட்டவை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் கடையில் அதிகம் கேட்கப்படும் சர்க்கரை மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வில்டாகிளிப்டினின் முதன்மைக் காப்புரிமை 2019 டிசம்பரில் முடிந்தது. டாபாகிளிஃப்ளோசின் 2020 அக்டோபரில், சிடாகிளிப்டின் 2022 ஜூலையில், எம்பாகிளிஃப்ளோசின் 2025 மார்ச்சில். உடல் எடை ஊசி என்று எல்லோரும் பேசுகிற செமாகுளூடைடுக்கு 2026 மார்ச் வரை. இந்த மாதங்களை ஒட்டித்தான் விலை சரியும்.

எம்பாகிளிஃப்ளோசின் சரிந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா அதை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு மாத்திரை சுமார் அறுபது ரூபாய். கட்டுப்படியாகாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டார், டாக்டரிடம் சொல்லவில்லை. மார்ச் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு பல கம்பெனிகளின் மாத்திரைகள் வரிசையாக இறங்கின. சில பத்து ரூபாய்க்கும் கீழே. டாக்டர் சீட்டை மாற்றி எழுதித் தந்ததும் நான் அட்டையை எடுத்து வைத்தேன்.

"போன மாசம் அறுபது, இந்த மாசம் எட்டா? போலி மாத்திரையாம்மா இது?"

"இல்லைங்கய்யா. ஒரே கம்பெனிதான் விற்கலாம்ங்கிற உரிமை முடிஞ்சிருச்சு. இனி யார் வேணாலும் செய்யலாம்."

"அப்ப இத்தனை வருஷமும் எட்டு ரூபாய்க்குச் செஞ்சிருக்க முடியும்ல?"

ஆராய்ச்சிக்குச் செலவாகும் என்று கம்பெனிகள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் செலவை ஈடுகட்டும் பாரம் அரை மாத்திரையை நாளைக்கு எடுத்துவைக்கிறவர் தலையிலும் விழுகிறதே என்ற வருத்தம் எனக்குக் குறையவே இல்லை.

சரி, உங்கள் மருந்தின் காப்புரிமை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நேராகக் கடைக்கு வந்து "இதுக்குப் பதிலா விலை குறைஞ்சதைக் குடுங்க" என்று கேட்காதீர்கள். சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக வேறொன்றைத் தர மருந்துக்கடைக்கு விதி இடம் தரவில்லை, மூலப்பெயர் ஒன்றாகவே இருந்தாலும். மாற வேண்டிய இடம் டாக்டர் மேசை. மூலப்பெயரில், தெளிவான பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இலேயே மருத்துவர் நடத்தை விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கடுமையாகக் கொண்டுவந்த விதி சில வாரங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டாலும், பழைய விதி அப்படியேதான் இருக்கிறது. சண்டை போடுகிற மாதிரி கேட்க வேண்டியதில்லை. "டாக்டர், இந்த மருந்துக்குக் காப்புரிமை முடிஞ்சிருச்சுன்னு பார்த்தேன். மாசம் இவ்வளவு ஆகுது, சில நாள் விட்டுப்போகுது. மூலப்பெயர்ல எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். சில நாள் விட்டுப்போகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் சர்க்கரை குறையவில்லை என்று டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்.

எல்லா மருந்தையும் இப்படி மாற்றக்கூடாது. வலிப்பு, தைராய்டு, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் சாப்பிடும் மருந்துகள் இவற்றில் சின்ன வித்தியாசமும் தொல்லை தரலாம். டாக்டர் சொல்லாமல் கம்பெனியை மாற்றவே வேண்டாம்.

வாங்குகிற இடங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்கத் திறந்த முதல்வர் மருந்தகம். சிடாகிளிப்டின் காப்புரிமை முடிந்த இரண்டே மாதத்தில், 2022 செப்டம்பரில், 50 மில்லிகிராம் பத்து மாத்திரையை 60 ரூபாய்க்கு மக்கள் மருந்தகம் கொண்டுவந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் இருந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். என் வியாபாரம் போகுமே என்று நினைக்காமல் சொல்கிறேன், மாதச் செலவு தாங்காதவர்கள் முதலில் அங்கே போங்கள். எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள், அதில் பேட்ச் எண் இருக்க வேண்டும். தரம் தேறாத மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் பேட்ச் எண்ணோடு வெளியிடுகிறது. அச்சிட்ட விலை உச்சவரம்புக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க, தேசிய மருந்து விலை ஆணையத்தின் பார்மா சஹி தாம் செயலி இருக்கிறது.

காப்புரிமை இன்னும் உயிரோடு இருந்தால்தான் கஷ்டம். அதே வேலை செய்யும் பழைய மருந்து ஒன்று ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்பது முதல் வழி. பல நேரம் ஒத்துவரும். ஒத்துவராத நோய்கள் உண்டு. புற்றுநோய், மருந்துக்கு அடங்காத காசநோய். அவற்றுக்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். தனி ஆளாகத் தட்டுவது அரிது, நோயாளிகள் சேர்ந்து தட்டியிருக்கிறார்கள், திறந்தும் இருக்கிறது.

டிரிப்ஸில் கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு நாடு தன் மக்களின் உயிரைக் காக்கச் சில உரிமைகளை வைத்துக்கொள்ளலாம். 2001 நவம்பரில் தோஹாவில் கூடிய வர்த்தக அமைச்சர்கள் இதை எழுத்தில் உறுதிசெய்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் தென்னாப்பிரிக்க அரசுமேல் 39 மருந்துக் கம்பெனிகள் போட்ட வழக்கு உலகம் முழுக்க எதிர்ப்பைக் கிளப்பி, கம்பெனிகளே திரும்பப் பெற்றிருந்தன. எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன நேரம் அது. மும்பையின் சிப்லா கம்பெனி 2001 பிப்ரவரியில், எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்றது. இந்தியாவில் அப்போது பொருளுக்குக் காப்புரிமை இல்லாததால்தான் அது முடிந்தது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இன்றைக்குக் காசில்லாமல் மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் வாழ்க்கையும், ஆப்பிரிக்காவில் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் வாழ்க்கையும் அந்த இடைவெளியில்தான் பிழைத்தன.

நம் சட்டத்தில் அப்படித் திறந்துவைத்த கதவுகளில் பெரியது பிரிவு 3(டி). ஏற்கெனவே தெரிந்த மருந்தின் உப்பையோ படிக வடிவத்தையோ மாற்றினால் மட்டும் புதிய காப்புரிமை கிடையாது, நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியிருக்க வேண்டும் என்கிறது அது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக்குக்கு நோவார்டிஸ் காப்புரிமை கேட்டபோது, புற்றுநோயாளிகளுக்கான அமைப்பு ஒன்றும் மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. சட்டப் பிரிவே செல்லாது என்று நோவார்டிஸ் போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. கம்பெனி மருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல், அதே மருந்தை மற்ற கம்பெனிகள் செய்யும் ஜெனரிக் பத்தாயிரம் அளவில். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு பிரிவு.

இரண்டாவது கதவு கட்டாய உரிமம். காப்புரிமை உயிரோடு இருக்கும்போதே, வேறொரு கம்பெனியும் அந்த மருந்தைச் செய்து விற்கலாம் என்று அரசு தரும் அனுமதி அது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்ஸாவர் மாதத்துக்கு 2,80,428 ரூபாய். 2012 மார்ச் 9-இல் ஐதராபாத்தின் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது, விலை 8,880 ரூபாய். கண்டுபிடித்த பேயர் கம்பெனிக்கும் விற்பனையில் ஒரு பங்கு போனது. இந்தியா இதுவரை மருந்துக்குக் கொடுத்த கட்டாய உரிமம் அது ஒன்றுதான். இன்னும் சில மருந்துகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது கதவு உங்களுக்கும் எனக்கும் நேரடியாகத் திறந்தது. விண்ணப்பம் வெளியானதிலிருந்து காப்புரிமை கொடுக்கும் முன்வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு எழுதலாம். சட்டம் சொல்வதே எந்த நபரும் என்றுதான், நோயாளியாகவோ கம்பெனியாகவோ இருக்க வேண்டிய அவசியமில்லை. படிவம் 7ஏ, பிரிவு 25(1). 2024 விதித் திருத்தத்தில் இதற்குக் கட்டணம் வைத்துவிட்டார்கள், எதிர்ப்பை ஏற்கலாமா என்று முதலிலேயே வடிகட்டவும் செய்கிறார்கள். ஆனாலும் கதவு மூடவில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. எழுதும்போது உணர்ச்சியை விட ஆதாரம் வேலை செய்யும். இந்த மூலக்கூறு இன்ன ஆண்டிலேயே வெளியான ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது, இந்த உப்பு வடிவம் துறையில் இருக்கும் யாருக்கும் தோன்றக்கூடியது, திறன் கூடியதற்குத் தரவு இல்லை. இந்த மூன்றில் ஒன்றையாவது ஆவணத்தோடு காட்ட வேண்டும். வேதியியல் படித்த ஒருவரும் காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரும் கூட இல்லாமல் இறங்க வேண்டாம்.

இப்படி எழுதி வென்ற இருவரை நான் எப்போதும் நினைப்பதுண்டு. மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய காசநோய் மருந்துகளின் நச்சால் கேட்கும் திறனை இழந்தவர்கள். அந்த மருந்துகளின் இடத்தில் தரக்கூடிய பெடாகுயிலினுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சனின் முதன்மைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. உப்பு வடிவத்துக்கு இன்னொன்று கேட்டு 2027 வரை நீட்டப் பார்த்தார்கள். இருவரும் 2019-இல் எதிர்ப்பு எழுதினார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை மறுத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனைக்கு வருகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கு அடங்காத காசநோயை ஊசி இல்லாமல் மாத்திரையால் ஆறே மாதத்தில் முடிக்கும் சிகிச்சைக்கு இந்த மருந்துதான் அடித்தளம். நாலு வருஷம் முன்னால் ஜெனரிக் வருவதென்றால் நாலு வருஷத்து நோயாளிகள்.

இந்தக் கதவுகள் தானாகத் திறந்தே இருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. இப்போது நாடுகள் தனித்தனியாகத் தடையற்ற வணிக ஒப்பந்தம் போடுகின்றன. கார், துணி, மதுபானம் பற்றித்தான் செய்தி வரும். மருந்து, அறிவுசார் சொத்துரிமை என்ற அத்தியாயத்தில் இருக்கும். ஒப்பந்த வாசகத்தை வணிக அமைச்சகத்தின் தளத்தில் திறந்து, அந்த அத்தியாயத்துக்குப் போய் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். காப்புரிமைக் காலம் இருபது ஆண்டுக்கு மேல் நீள்கிறதா? முதல் கம்பெனியின் சோதனைத் தரவை வைத்து ஜெனரிக்குக்கு அனுமதி தரக்கூடாது என்ற தரவுத் தனியுரிமை இருக்கிறதா? காப்புரிமை இருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகமே ஜெனரிக் அனுமதியை நிறுத்த வேண்டும் என்று இருக்கிறதா? கட்டாய உரிமம் தருவதைக் கடினமாக்கும் வரி ஏதாவது இருக்கிறதா?

சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நாலு நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் தரவுத் தனியுரிமையை இந்தியா ஏற்கவில்லை, நல்ல காரியம். பிரிட்டனோடு 2025 ஜூலை 24-இல் போட்டதில், மருந்து கிடைக்கச் செய்ய விருப்ப உரிமம்தான், அதாவது காப்புரிமைக் கம்பெனியே விரும்பித் தரும் உரிமம்தான் உகந்த வழி என்று ஒரு வாசகம் வந்துவிட்டது. கட்டாயம் ஒன்றுமில்லை என்பார்கள். ஆனால் நாளைக்கு ஒரு கம்பெனி வழக்கறிஞர் அந்த வரியைத்தான் படித்துக் காட்டுவார். காப்புரிமையை இந்தியாவில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று கம்பெனிகள் ஆண்டுதோறும் தந்துகொண்டிருந்த அறிக்கை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று 2024-இல் மாறியது. அந்த மூன்றாண்டு இந்த ஒப்பந்தத்திலும் ஏறிவிட்டது. மருந்து போதவில்லை என்று நிரூபித்துக் கட்டாய உரிமம் கேட்கிறவருக்கு அந்த அறிக்கைதான் கையில் இருக்கும் ஆதாரம்.

வெளிநாட்டுக் கொள்கை நம்மை மட்டும் தொடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியது. அதை நம்பியிருந்த, நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிர்ந்து தரும் கோவேக்ஸ் திட்டத்துக்கும், அதன் வழியாக ஊசிக்குக் காத்திருந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பல மாதம் தட்டுப்பாடு. அப்போது நம் ஊரிலேயே ஊசி இல்லை, ஆக்சிஜன் இல்லை. நிறுத்தியதன் காரணம் எனக்குப் புரிகிறது. காத்திருந்தவர்கள் கஷ்டமும் அதே அளவு புரிகிறது. நம் சட்டம் மாறினால் அவர்கள் மாத்திரை விலையும் மாறும் என்பதை டெல்லியில் பேசுகிறவர்கள் மறக்கக் கூடாது.

அடுத்து ஏதாவது ஒப்பந்தப் பேச்சு நடக்கிறது என்று செய்தி வந்தால், கையெழுத்தாகும் முன்பே உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கையெழுத்தான பிறகு எழுதுவதால் பெரிதாக எதுவும் நடக்காது. கடிதத்தில் நீங்கள் சாப்பிடும் மருந்தின் மூலப்பெயர், காப்புரிமை முடிவதற்கு முன் மாதம் எவ்வளவு ஆனது, முடிந்த பின் எவ்வளவு ஆகிறது என்ற இரண்டு தொகைகள், அந்த நான்கு விஷயங்களில் எதை இந்தியா ஏற்கக்கூடாது என்று கேட்கிறீர்கள், இவ்வளவு போதும். பழைய பில்லும் புது பில்லும் நகல் எடுத்து இணையுங்கள். பழைய பில் தொலைந்துபோயிருந்தால் வாங்கின கடையில் கேளுங்கள். மருந்துச் சீட்டின்பேரில் கொடுத்த மருந்துக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டியது எங்கள் கடமை, தேதி சொன்னால் தேடி எடுத்துத் தருவோம்.